முதல் பக்கத்தை யாரும் விற்க முடியாது

"மூன்றே மாதத்தில் கூகுளில் முதல் இடம். கேரண்டி." புதிதாகத் தொழில் தொடங்கும் நம் இளைஞர்களின் கைப்பேசிக்கு இப்படி ஒரு செய்தி வராமல் இருப்பதில்லை. ஜி.எஸ்.டி. எண் வாங்கிய மறுவாரமே வந்துவிடுகிறது. மாதம் பதினைந்தாயிரம், ஆறு மாதப் பணம் முன்கூட்டியே என்று பேரம் தொடங்கும். இந்த வேலைக்குப் பெயர் எஸ்.இ.ஓ. என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பேக்லிங்க், டொமைன் அத்தாரிட்டி, கீவேர்டு டென்சிட்டி என்று அடுக்குவார்கள். கேட்பவருக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே பேசப்படும் மொழி அது. புரியாத மொழியில் ஓதிவிட்டுத் தட்சணை வாங்கிப் போகிற தொழில் நமக்கொன்றும் புதிதல்ல.

இந்தக் கேரண்டி பொய் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, கூகுளே சொல்கிறது. தேடலில் முதல் இடத்தை யாராலும் உறுதியாகத் தர முடியாது என்று அந்த நிறுவனம் தன் உதவிப் பக்கங்களில் பல ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டினால் மேலே வருவது விளம்பரம். அதன் தலையிலேயே 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே வரும் சாதாரண முடிவுகளுக்கு விலை கிடையாது, கூகுளில் அதை விற்கும் கவுண்டரும் கிடையாது. இல்லாத டிக்கெட்டை விற்பவரை நாம் வேறு பெயரால் அழைப்போம். இவர்களை மட்டும் 'டிஜிட்டல் ஏஜென்சி' என்கிறோம்.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் கூகுள் டியூஷன் எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். எங்கள் பதில் இதுதான். 2016-இல் ஒன்றிய அரசின் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது, 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன். 2012-இன் பொதுக் கொள்முதல் கொள்கை, ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்கள் வாங்குவதில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது, 35 சதவீத மூலதன மானியத்தோடு. இவற்றில் எதுவும் சும்மா கிடைக்கவில்லை, வாங்கினோம். ஆனால் எந்தத் திட்டமும் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவதில்லை. தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கிறது. முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வந்தவர் அந்தத் தவணைப் பணத்தை எடுத்து ஏஜென்சிக்குக் கட்டுகிறார் என்றால் அது நம் பிரச்சினை இல்லாமல் வேறு யாருடையது?

வாடிக்கையாளர் என்னும் கதவு நமக்கு எப்படிப்பட்டது என்பதை அண்ணல் தன் உடம்பால் அறிந்தவர். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா வேலையை விட வேண்டி வந்த பிறகு பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று. அவருடைய கணக்கில் யாரும் குறை கண்டதாகப் பதிவில்லை.

இன்றைய ஓர் உதாரணத்துக்கு வருவோம். செங்கல்பட்டுப் பக்கம் நாங்கள் வேலை செய்யும் பகுதியில் நான்கு பேர் சேர்ந்து கேட்டரிங் தொழில் தொடங்கினார்கள். இருவர் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர்கள். சமையலில் கை தேர்ந்தவர்கள், விலையும் நியாயம். முதல் ஆண்டு வந்த ஆர்டர் எல்லாம் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, சங்கக் கூட்டத்துச் சாப்பாடு. விளம்பரம் என்று அவர்கள் செய்ததெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதுதான். ஸ்டேட்டஸை யார் பார்ப்பார்கள்? நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள். அவர்கள் யார்? பெரும்பாலும் நம் ஆட்கள். சொந்தமும் தெருவும் தாண்டாத வியாபாரம் அந்தத் தெருவின் வருமானத்தைத் தாண்டி வளராது.

தேடல் அப்படியல்ல. மறைமலைநகரில் வாடகைக்கு இருக்கும் யாரோ ஒருவர் '50 பேருக்கு பிரியாணி' என்று கூகுளில் தட்டுகிறார். அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவரைத் தெரியாது. முகம் பார்ப்பதற்கு முன், ஊர் கேட்பதற்கு முன், 'நீங்க எந்தப் பக்கம்?' என்ற கேள்விக்கு முன், பிரியாணியின் விலையும் படமும் அவர் முன்னால் போய் நிற்க முடிகிறது. இது ஒரு சிறிய இடைவெளிதான். ஆனால் உண்மையான இடைவெளி. அதில் நுழையத் தெரிந்துகொள்வதுதான் எஸ்.இ.ஓ.

இணையத்துக்குச் சாதி இல்லை என்று எழுதுகிற கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதீர்கள். சென்னையில் 'பிராமின் கேட்டரிங்', 'ஐயர் கேட்டரிங்' என்று தேடிப் பாருங்கள், வரிசையாக வரும். அங்கே சாதிப் பெயரே கீவேர்டு. பெயர்ப் பலகையிலும் அதுதான், தேடலிலும் அதுதான். மறுபக்கம் பாருங்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே ஒரு பள்ளியில், சத்துணவுச் சமையலர் நம் சமூகத்துப் பெண் என்பதற்காக அவர் சமைக்கக் கூடாது என்று ஊர் கூடி நின்றது. ஒரு சாதியின் பெயர் சோற்றுக்கு விலை ஏற்றுகிறது, இன்னொரு சாதியின் பெயர் சோற்றையே நிறுத்துகிறது. தேடுபொறி இந்தச் சமூகத்தின் சொற்களைத்தான் தின்று வளர்கிறது. அமெரிக்காவில் கருப்பினச் சிறுமிகளைக் குறிக்கும் சொல்லைத் தேடினால் ஆபாசப் பக்கங்கள் முதலில் வந்து நின்றதைச் சஃபியா நோபிள் 2018-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். எந்திரம் நடுநிலை என்று நம்ப வேண்டாம். அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய கட்டுரையில் கூகுளின் அடிப்படை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் கொடுக்கும் இணைப்பு, அதாவது லிங்க், ஒரு சிபாரிசு. பல பேர் சிபாரிசு செய்தால் மதிப்பு கூடும். மதிப்புள்ளவர் சிபாரிசு செய்தால் இன்னும் கூடும். சமூகவியல் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமூக மூலதனத்தை அப்படியே கணக்காக எழுதியிருக்கிறார்கள். மாமா பத்திரிகையில், சித்தப்பா சேம்பர் ஆஃப் காமர்ஸில், கல்லூரி நண்பன் ஸ்டார்ட்அப் செய்தித் தளத்தில் என்று இருப்பவருக்கு லிங்க் தானாக வரும். நம் பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்? கூகுள் இப்போது இன்னும் நூற்றுக்கணக்கான விஷயங்களைப் பார்க்கிறது என்பது உண்மை. ஆனாலும் இந்தச் சிபாரிசுக் கணக்கு போய்விடவில்லை.

இந்த ஓட்டையில்தான் ஏஜென்சி நுழைகிறது. 'ஐந்நூறு லிங்க் வாங்கித் தருகிறோம்.' எங்கிருந்து? எவரும் படிக்காத குப்பைத் தளங்களிலிருந்து. காசுக்கு வாங்கிய லிங்க் கூகுளின் விதிகளுக்கு எதிரானது, 2012-இல் 'பெங்குவின்' என்ற மாற்றத்தை இதற்கென்றே கொண்டுவந்தார்கள். மாட்டிக்கொண்டவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. 2006-இல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் பட்டியலிலிருந்து தூக்கியது, காரணம் தேடுபொறிக்கு ஒன்றும் பார்ப்பவருக்கு வேறொன்றும் காட்டியது. 2011-இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகள் வாங்கிய லிங்க்குகளை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியதும் அந்தத் தளம் தேடலில் கீழே விழுந்தது. பி.எம்.டபிள்யூ சில நாட்களில் திரும்பி வந்துவிட்டது. அவர்களிடம் வக்கீலும் பொறியாளரும் இருந்தார்கள். செங்கல்பட்டு கேட்டரிங் விழுந்தால் யார் தூக்கிவிடுவார்கள்? ஏஜென்சிக்காரர் அதற்குள் அடுத்த ஜி.எஸ்.டி. எண்ணுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்.

சரி, உண்மையில் செய்ய வேண்டியது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. அதுதான் எங்கள் கோபமே. ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு ஒரு லட்சம் வாங்குகிறார்கள்.

அந்த நான்கு பேரின் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தோம். மெனு முழுவதும் ஒரு போஸ்டர் படம். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, ஓரத்தில் வாழையிலை, அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கத்துக்கான சொற்களைத் தேடுபொறி எழுத்திலிருந்துதான் நம்பி எடுத்துக்கொள்கிறது. 'மட்டன் பிரியாணி' என்ற சொல் அந்தத் தளத்தில் எழுத்தாக ஓரிடத்தில்கூட இல்லை. எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு ஒன்றே: 'ஹோம்'. போன் எண்ணும் படத்துக்குள். அழைக்க நினைப்பவர் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுதான் அழைக்க வேண்டும். ஏஜென்சி நான்கு மாதமாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தது. இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மாற்றினோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு: 'செங்கல்பட்டில் வளைகாப்புச் சாப்பாடு', '50 முதல் 200 பேர் வரை பிரியாணி ஆர்டர்' என்று. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான், ரொம்ப நீளமானால் வெட்டுப்படும். வளைகாப்புக்கு ஒரு பக்கம், காதுகுத்துக்கு ஒரு பக்கம், அலுவலக மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம். மெனு எழுத்தாக, விலையோடு. போஸ்டரை எடுக்கவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டோம். எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி வைத்தோம். படங்களைச் சுருக்கினோம், ஏனென்றால் கூகுள் இப்போது ஒரு தளத்தின் கைப்பேசி வடிவத்தைத்தான் பார்த்துப் பட்டியலிடுகிறது. நம் ஆட்கள் பார்ப்பதும் அதில்தான்.

எந்தச் சொல்லைப் போடுவது என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'தரமான உணவுச் சேவை வழங்குநர்' என்று யாரும் தேடுவதில்லை. ஒரு மாதம் போனில் வந்த விசாரிப்புகளை ஒரு நோட்டில் அப்படியே எழுதி வைக்கச் சொன்னோம். 'பத்து கிலோ பிரியாணி எத்தனை பேருக்கு வரும்ணே?' அடிக்கடி வந்த கேள்வி அது. அந்தக் கேள்வியே ஒரு பக்கம் ஆனது, பதிலோடு. அதற்குப் பதில் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யார்? தமிழிலும் எழுதுங்கள், 'பிரியாணி ஆர்டர்' என்று பேசுகிற தமிழில். மெட்டா கீவேர்டு என்று ஏஜென்சி ஒரு பட்டியலைக் காட்டிப் பணம் கேட்டால் சிரியுங்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

எந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைச் சர்ச் கன்சோல் என்ற கருவி காட்டும். கூகுளே தருவது, இலவசம். ஏஜென்சி மாதக் கடைசியில் வண்ணமயமாக அனுப்பும் ரிப்போர்ட்டில் பாதி அதிலிருந்து எடுத்ததுதான். பலன் ஒரு வாரத்தில் வராது, சில மாதங்கள் ஆகும். அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம், எங்களிடம் கேரண்டி இல்லை.

அடுத்தது கூகுள் மேப்பில் வரும் பிசினஸ் ப்ரொஃபைல். உள்ளூர்த் தொழிலுக்கு வலைத்தளத்தைவிட இது முக்கியம். இதுவும் இலவசம். தேடுபவரின் தேவைக்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்தது என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்கிறது கூகுள். பதிவு செய்யும்போது முகவரி கேட்கும். இங்கேதான் எங்கள் நான்கு பேரும் கையை எடுத்துவிட்டார்கள்.

அவர்களுடைய சமையற்கூடம் இருப்பது காலனியில். முகவரியைப் போட்டால் மேப்பில் சிவப்புப் புள்ளி எங்கே விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளியைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், நல்லது. சொல் போனாலும் இடம் போகாது. ஊர் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று நூற்றாண்டுகளாக வரைந்த வரைபடத்தின் மேல்தான் கூகுள் தன் வரைபடத்தைப் போட்டிருக்கிறது.

வழி ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் நம் இடத்துக்கு வராமல் நாம் அவர் இடத்துக்குப் போகிற தொழிலாக இருந்தால் முகவரியைக் காட்டாமல் சேவைப் பகுதியை மட்டும் குறிக்கலாம், 20 இடங்கள் வரை. கேட்டரிங், எலெக்ட்ரிகல் வேலை, வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் எல்லாம் இதில் அடங்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வாடிக்கையாளர் வராத இடத்தின் முகவரியைக் காட்ட வேண்டாம் என்பதே கூகுளின் விதி. ஆனால் எங்களுக்குள் இதில் பெரிய விவாதம் நடந்தது. மறைப்பது சுயமரியாதைக்கு இழுக்கு, நெஞ்சை நிமிர்த்தி முகவரியைப் போட வேண்டும் என்றார் ஒரு தோழர். அவர் மாதச் சம்பளக்காரர். எங்கள் நிலைப்பாடு வேறு. முகவரியைக் காட்டுவதா மறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் தவணை கட்டுகிறவர்கள். வெட்கப்பட வேண்டியது புள்ளியைப் பார்த்துப் போனை வைத்துவிடுகிறவன். நம் வீரத்தைக் காட்ட அடுத்தவர் சமையற்கூடத்தை மேடையாக்கக் கூடாது. அவர்கள் இப்போதைக்கு மறைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்துக் காட்டவும் செய்யலாம்.

ப்ரொஃபைலில் பெயரை மட்டும் உண்மையாக வையுங்கள். 'நம்பர் 1 பெஸ்ட் கேட்டரிங் செங்கல்பட்டு' என்று ஏஜென்சி பெயரை நீட்டிவிடும், விதிமீறல் என்று ப்ரொஃபைலே முடக்கப்படலாம். பொய் ரிவ்யூ வாங்காதீர்கள், ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவதும் கூடாது. சாப்பிட்டுப் பாராட்டியவரிடம் அன்று மாலையே லிங்க்கை அனுப்பி, இரண்டு வரி எழுதுங்கள் அக்கா என்று கேட்டால் போதும்.

சாதியைச் சொல்லி இழிவாக ரிவ்யூ எழுதுகிறவர்களும் வருவார்கள். பதற்றத்தில் முதலில் ரிப்போர்ட் செய்து அழித்துவிடாதீர்கள். தேதி, கணக்கின் பெயர், இணைய முகவரி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகு ரிப்போர்ட் செய்யுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகின்றன. இணையத்தில் வெளியிடும் இழிவுக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு முன்ஜாமீன் வழக்கில் கூறியிருக்கிறது. 2015 திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. லிங்க்கைத் தொடாமல் நகர்ந்துபோகும் விரலை எந்தச் சட்டமும் பிடிக்காது, அது வேறு.

இனி நம் பக்கம். நாம் பதினைந்து ஆண்டுகளாக இணையத்தில் எழுதுகிறோம். தலித் இதழ்கள், தளங்கள், மாணவர் அமைப்புகளின் பக்கங்கள் என்று எத்தனை! பல்கலைக்கழகங்களும் செய்தித்தாள்களும் நம் கட்டுரைகளுக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன. சிபாரிசுக் கணக்கில் சொன்னால் நம்மிடம் கொஞ்சம் சொத்து இருக்கிறது. அந்தச் சொத்திலிருந்து நம் தொழில்முனைவோர் ஒருவருக்காவது ஒரு லிங்க் கொடுத்திருக்கிறோமா? கொலையும் தீவைப்பும் நடந்தால் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். உயிரோடு கடை திறந்து உட்கார்ந்திருப்பவர் நம் தளத்துக்குச் செய்தியே இல்லை. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது, நமக்கென்று ஓர் அச்சுப் பக்கம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பக்கங்களுக்கு என்ன வலிமை என்று நமக்குத்தான் தெரியவில்லை.

காசு வாங்காமல், உண்மையாகப் பயன்படுத்திப் பார்த்து எழுதுங்கள். கூட்டத்துக்குச் சாப்பாடு போட்டவர் யார், மாநாட்டு நோட்டீஸ் அடித்த அச்சகம் எது என்று நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரி, அதில் லிங்க், அவ்வளவுதான். ஆனால் 'தலித் நிறுவனம்' என்று முத்திரை குத்துவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். சிலர் பெருமையோடு சரி என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றவரிடம் கொள்கை வகுப்பு எடுக்காதீர்கள்.

கணினி தெரிந்த மாணவர்கள் இதில் கை கொடுக்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். தலைப்பு, மெனு, மேப் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வலைத்தளத்தின் டொமைன் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? பிசினஸ் ப்ரொஃபைலுக்கு உரிமையாளராக இருப்பது யாருடைய கணக்கு? எங்கள் நான்கு பேருக்கு இரண்டுமே ஏஜென்சியின் பெயரில் இருந்தன. பணம் கட்டுவதை நிறுத்தியதும் தளம் மறைந்தது. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு பெயரைத் திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தோம். "அதெல்லாம் ஏஜென்சி அண்ணன்கிட்ட இருக்கு" என்று உங்கள் நண்பர் சொன்னால், பாஸ்வேர்டைக் கேட்டு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்ப வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.